பின்வளவில் இத்தா இருந்த கோடை

என் கணவர் மவுத்தான மூன்றாம் நாள், அவருடைய மூத்த சகோதரி ஒரு துணிப்பையோடும் சுருட்டிய தொழுகைப் பாயோடும் என் வீட்டுக்கு வந்தார். "இத்தா முடியுற வரைக்கும் நான் இங்கதான்" என்றார். கேட்கவில்லை, சொன்னார். மதினி யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் ஆட்களுக்கு இத்தாவை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. நகை, வாசனை, வர்ணச் சீலை எதுவும் ஆகாது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. யுத்தம் முடிந்து மூன்று வருடம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் சனமெல்லாம் அங்கே போவதும், இருபது வருடக் காட்டை வெட்டிக் காணியைத் தேடுவதும், திரும்பி வருவதுமாக இருந்த காலம். ஊரே அசைந்துகொண்டிருந்தபோது நான் மட்டும் அடைபட்டேன். கையில் ஒரு பிள்ளை. பத்து வருடம் கேட்டுக் கேட்டு அல்லாஹ் தந்த பிள்ளை. வாப்பா போனபோது அவனுக்குப் பதினொரு மாதம்.

கற்பிட்டிப் பக்கம், எத்தாளையில் எங்கள் வீடு சின்னது. இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு பின் விறாந்தை. அதற்குப் பின்னால் மணல் வளவு. அதில் ஒரு கிணறு, நாலு தென்னை, ஒரு முருங்கை, காய்க்காத ஒரு மாதுளை. வேலி என்று சொல்ல முள்ளுக்கம்பியும் இடைக்கிடை பூவரசும்தான். பாதையால் போகிறவன் கழுத்தைத் திருப்பினால் எங்கள் அடுப்பில் என்ன கறி என்று சொல்லிவிடுவான்.

"இது வேலியா, அரிதட்டா?" என்று கேட்டுவிட்டு மதினி பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினார். பின்னேரமே ஜமாஅத்து ஆட்கள் என் கணவரின் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே வெங்காயக் கொட்டிலுக்குப் பின்னால் பழைய தென்னோலைக் கிடுகுகள் வருடக்கணக்காக அடுக்கிக் கிடந்தன. அவற்றை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து, கம்பி வேலியை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேலே கட்டினார்கள். ஒரு அடுக்கு போதாதென்று மதினி இரண்டு அடுக்குக் கட்டச் சொன்னார். மிஞ்சியதை முருங்கையடி மூலையில் குவித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போகும் வரை நானும் பிள்ளையும் அறைக்குள் பூட்டிக்கிடந்தோம்.

என்னை மூடிக் கட்ட ஊரே ஓடி வந்தது! அவர் தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது தூக்குவதற்கு ஒரு ஆள் இருக்கவில்லை. அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் நான் மதினியிடம் காட்டினேன். அவர்தானே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

முதல் ஒரு மாதம் எனக்கு ஒன்றும் நினைவில்லை. அழுதேன், தூங்கினேன், பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். அதற்குப் பிறகு சோளகக் காற்று எழும்பியது. கற்பிட்டிப் பக்கம் சோளகம் எழும்பினால் நாலைந்து மாதத்துக்கு ஓயாது. ஓலை, சீலை, தகரம் எல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் வீட்டுக்குள் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று வளவுக்குள் இறங்கினேன். பத்து வருடம் குடியிருந்த வளவை அன்றுதான் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அதுவரைக்கும் அது எனக்குத் துணி காயப்போடுகிற இடம்.

கிணற்றடி ஈரத்தில் சாரணை படர்ந்திருந்தது. அதைத் தாண்டியதும் நெருஞ்சி. மஞ்சள் பூவைப் பார்த்து ஏமாந்து கால் வைத்தால் அவ்வளவுதான். வேலி ஓரமாக எருக்கலை, அதில் கறுப்பும் மஞ்சளுமாகப் புழுக்கள். மூன்று நாளில் இலையெல்லாம் தின்று முடித்துவிட்டு இலைக்காம்பில் பச்சைக் கூடாகத் தொங்கின. குசினிச் சுவரில் ஒரு குளவி மண்வீடு கட்டியது. காலையில் ஒரு வாய் மண், பின்னேரம் ஒரு பச்சைப் புழு. அதைப் பார்த்து, "இவவும் ஒத்தையிலதான் வீடு கட்டுறா போல" என்று மதினியிடம் சொன்னேன். "புருசன் இல்லாட்டி குளவியும் வாய்க்காரிதான்" என்றார் மதினி. அவருக்குச் சிரிக்க வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிள்ளைக்குப் பிடித்தது குழியானை. விறாந்தைக்குக் கீழேயும் வேலியோரத்திலும் மழை படாத மணலில் குட்டிக் குட்டிக் குழிகள். நடுவில் ஒரு பூச்சி ஒளிந்திருந்து, சறுக்கி விழுகிற எறும்பைப் பிடித்துத் தின்னும். தென்னோலை ஈர்க்கால் குழியின் ஓரத்தைச் சுரண்டினால் எறும்பு என்று நினைத்து மணலை எற்றும். நான் ஒருதரம் செய்து காட்டினேன். அதன் பிறகு அவனுக்கு வேறு வேலையில்லை. ஈர்க்கும் கையுமாகக் குழிக்குக் குழி உட்கார்ந்திருப்பான். அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான்.

அவனிடம் இரண்டு பழக்கம் இருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் ஓடுவான். "வா மகன், வா" என்று கையை நீட்டினால் போதும், கெக்கட்டம் போட்டுச் சிரித்துக்கொண்டு மற்றப் பக்கம். நாங்கள் துரத்த வேண்டும், அதுதான் விளையாட்டு. மற்றது, தொழுகிறவர்களைக் கண்டால் விடமாட்டான். நெற்றி பாயில் பட்டதும் எங்கே இருந்தாலும் ஓடி வந்து முதுகில் ஏறுவான். தலையைத் தூக்கினால் ஆள் பறந்துவிடுவான். நிற்கும்போதும் இருக்கும்போதும் வரமாட்டான். சுஜூதுக்குப் போக வேண்டும், அசையாமல் கிடக்க வேண்டும்.

மதினிக்கு இது பிடிக்கவே இல்லை. தோளை உலுக்கி அவனை உதறிவிடுவார். "என்ட தொழுகையக் கெடுக்கிறான், நீ பாத்துக்கிட்டு நிக்கிறாய்" என்று என்மேல் பாய்வார். "நபியவங்கட முதுகில பேரன் ஏறினப்ப, அவரு தானா எறங்குற வரைக்கும் தலையத் தூக்கல்லியாமே?" என்று நான் கேட்டேன். "ஒனக்கு ஹதீஸ் தேவைக்கு மட்டும்தான் ஞாபகம் வரும்" என்றார். கடைசியில் பின் விறாந்தையில் தொழுவதை விட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தொழத் தொடங்கினார்.

பிள்ளை புதிதாக ஒரு சத்தம் படித்ததும் இந்த நாட்களில்தான். "ஸ்ஸ்ஸ்" என்பான். கன்னத்தை உப்பிக்கொண்டு, நீளமாக. முதலில் நாங்கள் சிரித்தோம். "குக்கர் சத்தம் போடுறான் பாருங்க மதினி" என்றேன். மூன்றாம் நாள் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் குக்கர் இல்லை. பானையில்தான் சோறு.

எங்கே கேட்டான் இவன் இந்தச் சத்தத்தை?

"காத்து புள்ள. இந்தக் காத்தில கிடுகு என்ன சத்தம்தான் போடல்ல" என்றார் மதினி. இருக்கலாம் என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மிச்ச அரிசியைக் கழுவினேன்.

அதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கரையேறியபோது எனக்கு ஒன்பது வயது. முகாமில் எங்களுக்கு ஒரு கிடுகுக் கொட்டில். கூரையும் கிடுகு, சுவரும் கிடுகு. என் தம்பிக்கு இரண்டு வயது. ஒரு பகல் சுவரோரத்தில் பாய் போட்டு அவனைத் தூங்க வைத்துவிட்டு உம்மா தண்ணீருக்குப் போனார். காவலுக்கு நான். அப்போதும் அந்தச் சத்தம் கேட்டது, யாரோ சைக்கிள் டியூப்பில் காற்றுத் திறந்துவிட்ட மாதிரி. நான் எழும்பிப் போய் வெளியே பார்த்தேன். சைக்கிள் இல்லை. திரும்பி வந்தபோது தம்பி காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். கண்ணாடி விரியன், நாங்கள் புடையன் என்போம். வாகனம் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் உள்ளே பார்த்திருக்க வேண்டும், வெளியே பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அதனால் நான் என் வேலையைத் தொடங்கினேன். எங்கள் ஊர் மணல் லேசானது. பெருக்கிவிட்ட மணலில் எறும்பு போனாலும் தெரியும். எல்லோரும் விடியக்காலை பெருக்குவார்கள், நான் பின்னேரமும் பெருக்கினேன். கிடுகு மறைப்பில் தொடங்கிப் பின்னுக்கு நடந்து நடந்து, என் கால்தடத்தையும் அழித்துக்கொண்டு விறாந்தைப் படி வரைக்கும். விடிந்ததும் பிள்ளையை இறக்குவதற்கு முன் போய் வாசிப்பேன். இது ஓணான், நடுவில் வால் இழுத்த கோடு. இது கீரி. இது நண்டு, கிணற்றடிக்கு வந்து போயிருக்கிறது. ஒரு கிழமைக்கு வேறொன்றும் இல்லை. எட்டாம் நாள் முருங்கையடிக் குவியலில் இருந்து கிணற்றடி வரைக்கும் ஒரு தடம் கிடந்தது. என் மணிக்கட்டு அளவு அகலம். காலடி ஒன்றும் இல்லை, வெறும் இழுவை.

"வாளிக்கயிறு இழுபட்ட தடம்" என்றார் மதினி.

"கயிறு கிணத்தடியில கட்டியிருக்கு மதினி."

"புள்ள தடியை இழுத்திருப்பான்."

"விடியக்காலையா?"

மதினி என்னை நம்பாததற்கு நியாயம் இருந்தது. அதையும் மறைக்கக்கூடாது. இரண்டு கிழமைக்கு முன் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். டாக்டரிடம் போக இத்தாவிலும் அனுமதி உண்டு. மதினி துடித்துப்போய் என்னைப் போர்த்தி மூடி ஓட்டோவில் ஏற்றினார். எனக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. எனக்குப் பாதையைப் பார்க்க வேண்டியிருந்தது. ஓட்டோவின் இடுக்கால் களப்புத் தண்ணீரைக் கண்டதும் நான் முகம் மலர்ந்ததை மதினி பார்த்துவிட்டார். அன்றிலிருந்து நான் என்ன சொன்னாலும், "ஓம், ஓம், வயித்துக்குத்துதான்" என்பார்.

அடுத்த வளவில் ஒரு அக்கா இருந்தார். கத்தோலிக்க ஆள், கருவாடு போடுகிறவர். தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் வரும். எங்களுக்குக் கடைச்சாமான் வாங்கித் தருவது அவர்தான். மறைப்பில் ஒரு சின்ன வாசல் விட்டிருந்தார்கள், அதால் குனிந்து வருவார். அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தடத்தைக் காட்டினேன். பார்த்ததும் காலைப் பின்னுக்கு எடுத்தார். "தங்கச்சி, இது பொளங்கா, நீங்க சொல்ற புடையன். சந்தேகமே வேணாம். கிடுகுக்குள்ளதான் படுத்திருக்கும். எங்கட ஆள வரச் சொல்றன், எல்லாத்தையும் பிரிச்சி எரிச்சிப்போடுவம்."

"ஆம்புள காலெடுத்து வெக்கப்படாது" என்றார் மதினி. "மறைப்பு பிரிச்சா இவ எங்க போறது? இன்னும் முப்பத்தெட்டு நாள் கெடக்கு. ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் கதைக்கிறத நான் கேட்டுக்கிறன்! என்ட புள்ளைக்கு ஒண்டு ஆச்செண்டா ஊரா வந்து தரும்?" என்று நான் கத்தினேன். அந்த அக்காவுக்கு முன்னால் கத்தினேன். "நான் இத்தா இருக்கிறனா, கம்பிக்குள்ள மறியல்ல இருக்கிறனா? என்னைக் காவல் காக்கத்தானே நீங்க வந்தீங்க?"

மதினி பின்வாங்கி உள்ளே போனதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான்.

மறைப்பு அப்படியே நின்றது. நான் பிள்ளையை என் இடுப்போடு ஒரு சால்வையால் கட்டினேன். சமைக்கும்போதும் கட்டு, துவைக்கும்போதும் கட்டு. அவன் இழுத்துப் பறித்து அழுவான். கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரிப் பிள்ளையைக் கட்டுகிறேனே என்று எனக்கும் அழுகை வரும். ஆனால் அவிழ்க்கமாட்டேன். நான் குளிக்கப் போகிற நேரம் மட்டும் விறாந்தைத் தூணில் கட்டிவிட்டுப் போவேன், மதினி பார்த்துக்கொள்வார்.

காது கூர்மையானது அந்த நாட்களில்தான். எங்கள் முருங்கையில் புலுனிகள் ஏழெட்டு வந்து கூடும். சாம்பல் நிறக் குருவி, ஓயாத வாய். அவை எப்போதும் சண்டைபிடிக்கிற மாதிரித்தான் கத்தும், யாரும் கவனிப்பதில்லை. நான் கவனித்தேன். பூனை வந்தால் ஒரு கத்தல், பருந்து நிழல் விழுந்தால் ஒரு கத்தல். ஒருநாள் கீரி முருங்கையடிக்கு வந்து கிடுகுக் குவியலைச் சுற்றிச் சுற்றி மோந்துவிட்டு, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பின்வாங்கியது. அப்போது அவை கத்திய கத்தல் வேறு. எல்லாம் ஒரே கிளையில் இறங்கி, கீழே பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல். அந்தக் கத்தலை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

அது நடந்தது தடம் கண்ட ஏழாம் நாள். லுஹர் தொழுகை நேரம், உச்சி வெயில். நான் பிள்ளையைத் தூணில் கட்டிவிட்டுக் விறாந்தைப் படியை ஒட்டிய குளிக்கும் மறைப்புக்குள் இருந்தேன். அவன் அழுதான். பிறகு அழுகை நின்றது. மதினி தூக்கிவிட்டார் என்று நினைத்து மேலுக்கு ஊற்றினேன். மதினி என்ன செய்தார் என்றால், "பாவம் புள்ள" என்று சால்வையை அவிழ்த்து அவனை அறைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிவிட்டார். சாத்திய கதவு சரியாகக் கொளுவவில்லை. அவர் நிலையில் நிற்கும்போதே இவன் நழுவிவிட்டான்.

புலுனிகள் கத்தின. அதே கத்தல்.

நான் எப்படி உடுத்தேன் என்று தெரியாது. ஈரத் தலையோடு வெளியே வந்தேன். பிள்ளை முருங்கையடி மூலையில், கிடுகுக் குவியலுக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். கையில் ஈர்க்கு. முன்னால் ஒரு குழியானைக் குழி. அதற்கு அங்கால், கிடுகு நிழலும் மணலும் சேருகிற இடத்தில் அது கிடந்தது. வட்டமாகச் சுருண்டு, தலையை மட்டும் பின்னுக்கு இழுத்து. முதுகில் கபில நிற வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. பிள்ளைக்கும் அதற்கும் இடையில் என் ஒரு கை நீளம்தான் இருக்கும். எனக்கும் பிள்ளைக்கும் இடையில் பதினைந்து காலடி.

அது சீறியது. பிள்ளை ஈர்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பி, "ஸ்ஸ்ஸ்" என்று பதில் சொன்னான்.

யா அல்லாஹ்! இவன் இத்தனை நாளும் இதோடுதான் கதைத்திருக்கிறான்.

கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் ஓடுவான். எதிர்ப்பக்கம் என்றால் அது கிடக்கிற பக்கம். ஓடிப்போய் அள்ளலாமா? நான் ஓடி வருவதைக் கண்டால் துரத்துகிற விளையாட்டு என்று எழும்பி ஓடுவான், அதுவும் அந்தப் பக்கம்தான். மதினியைக் கூப்பிட்டாலும் என் குரல் கேட்கும். ஒன்றும் செய்யாமல் நின்றால் ஈர்க்கை நீட்டுவான். நீட்டத் தொடங்கியிருந்தான்.

என் கையில் செப்பு வாளி இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைக்காமல், விறாந்தைப் படியில் லேசாக ஒருதரம் தட்டினேன். ணங். பிள்ளை தலையைத் திருப்பினான். என்னைக் கண்டான். கண் விரிந்தது, சிரிக்கப் போகிறான், எழும்பப் போகிறான்.

நான் சுஜூதில் விழுந்தேன்.

நின்ற இடத்திலேயே, சுடுமணலில், தொழும் திசையான கிப்லாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நெற்றியை மணலில் வைத்தேன். இரண்டு கையும் காதுக்குப் பக்கத்தில். அசையவில்லை. இனி நான் எதையும் பார்க்க முடியாது. தலையைத் தூக்கினால் அவன் வரமாட்டான். கண்ணுக்கு முன்னால் மணல்தான். ஒரு சிற்றெறும்பு என் மூக்கடியால் ஏதோ ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு போனது. புலுனிகள் கத்திக்கொண்டே இருந்தன. அது மறுபடி சீறியது, நீளமாக. பிறகு சீறல் நின்றது. சீறல் ஏன் நின்றது? முன்பும் ஒருதரம் நான் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் இருந்தேன். இப்போது பார்க்காமல் கிடப்பது ஒன்றுதான் எனக்கு வழி. சுஜூதில் ஓதுவதற்கு ஒன்றும் வரவில்லை. வா மகன், வா மகன், வா மகன். அதை மட்டும், உதடு அசையாமல்.

மணலில் குழந்தைக் காலுக்குச் சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. நெற்றி வெந்தது.

இடுப்பில் ஒரு கை பட்டது. பிறகு மற்றக் கை. என் ஈரச் சட்டையைப் பிடித்து இழுத்து, ஒரு முழங்காலை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு அவன் ஏறினான். முழுப் பாரமும் முதுகில் விழுந்ததும் நான் கையைப் பின்னுக்கு வளைத்து அவனைப் பிடித்தேன். பிடித்தபடி எழும்பி ஓடினேன். விறாந்தையில் போட்டு, கால், கை, விரல் இடுக்கு, கழுத்து எல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மணல்தான். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

கதவைத் திறந்துகொண்டு மதினி வந்தார். "தொழுது ஸலாம் குடுத்துத் திரும்பினா புள்ளயக் காணல்ல... நீ என்ன, கிப்லா அங்கயா இரிக்கிது? வளவில போய்..." என்று தொடங்கியவர் என் நெற்றி மணலைப் பார்த்தார். நான் கையை நீட்டிக் காட்டினேன். அதன் கடைசி முழம், வட்டம் வட்டமாக, அவசரமே இல்லாமல் கிடுகுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மதினி தொழுகை உடுப்போடு வளவுக்குள் இறங்கினார். முருங்கைக்காய் பறிக்கிற கொக்கைத்தடியை எடுத்தார். அவர் கட்டச் சொன்ன மறைப்பில் கொக்கியை மாட்டி, அறுபது வயதுப் பெண் உடம்பில் எங்கிருந்து வந்ததோ அந்தப் பலம், இழுத்தார். கயிறு அறுந்து ஒரு பக்கம் சரிந்தது. "கைய வெக்காதீங்க மதினி! தடியால, தடியால!" என்று நான் கத்தினேன். அவர் அடுத்ததை இழுத்தார். "ஆராச்சும் வாங்களே! ஆம்புளைகள் ஆரும் இல்லியா இந்தப் பாதையில?" என்று கூப்பிட்டார். ஆண்கள் காலெடுத்து வைக்கக்கூடாது என்ற அதே மதினி!

அடுத்த வளவு அக்காவின் கணவர் மண்வெட்டியோடு வந்தார். பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த நாலைந்து பேர் வந்தார்கள். கிடுகுகளை ஒவ்வொன்றாகத் தடியால் புரட்டினார்கள். பெரியது அகப்பட்டது. குவியலின் அடியில் குட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். வேலியின் இரண்டு அடுக்குக்கும் இடையிலும் குட்டிகள். வெங்காயக் கொட்டிலில் எலிக்குக் காத்துக் கிடந்ததை நாங்களே டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தோமா, பிறகு வந்து சேர்ந்ததா, தெரியாது. எப்படி வந்தாலும் அதற்கு இரண்டு அடுக்கில் வீடு கட்டிக் கொடுத்தது நாங்கள்தான். விறாந்தையில் நான் ஈரத் தலையோடு, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்றேன். இத்தனை நாள் ஒளித்து வைத்த என்னை ஒருவனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் காலடியில் கவனம்.

மிச்ச நாட்களுக்கு மதினி தன் சீலைகளைக் கயிற்றில் கட்டி மறைத்தார். கீழே ஒரு முழம் வெளி விட்டுத்தான் கட்டினார். பாதையால் போகிறவர்களுக்கு என் கால் தெரியும். யாரோ அதையும் கதைத்திருக்கிறார்கள். "கால்தானே, பாத்துட்டுப் போகட்டும்" என்றார் மதினி.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய பின்னேரத்தைப் பற்றி. ஆட்கள் போன பிறகு நாங்கள் இருவரும் விறாந்தையில் இருந்தோம். மதினியின் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. மறைப்பு இல்லாத வளவில் காற்றுத் தடையில்லாமல் வந்தது. அவர் கதைக்கத் தொடங்கியபோது என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு இத்தா வந்தப்ப வயசு இருவத்தாறு. சன்னலெல்லாம் ஆணி வெச்சி அடிச்சாங்க புள்ள. கக்கூசுக்குப் போறதெண்டாலும் தலையில போர்வை. நாலு மாசமும் பத்து நாளும் நான் வெயிலக் காணல்ல. வெளிய வந்தண்டைக்குக் கண் கூசி வாசப்படியில விழுந்துட்டன்." கொஞ்ச நேரம் கையை ஊதினார். "ஒனக்கு அப்பிடி ஆகப்படாது எண்டு நெனச்சன். வளவாச்சும் கெடைக்கட்டும் எண்டுதான் ரெண்டு அடுக்குப் போடச் சொன்னன். அதுக்குள்ளதான் மவுத்தக் கொண்டு வந்து வெச்சிருக்கிறன்."

மறியல் என்று சொன்னேனே இந்த மனுசியைப் பார்த்து! கிணற்றடியில் கற்றாழை இருந்தது. ஒரு மடல் முறித்து வந்து, அதன் சோற்றை எடுத்து அவர் கையில் பூசினேன். கையை இழுக்கவில்லை.

"தொழுறாப்போல நடிச்சித்தான் புள்ளயக் கூப்பிட்டன் மதினி" என்றேன். "ஒளுவும் இல்ல, கிப்லாவும் இல்ல. அது பாவமா?"

அஸருக்குப் பாங்கு சொன்னது. மதினி எழும்பிப் போய்க் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டுத் தொழுகைப் பாயை எடுத்து வந்தார். அறைக்குள் போவார் என்று பார்த்தேன். பின் விறாந்தையில், எங்கள் முன்னால் விரித்தார். பிள்ளை என் மடியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மதினி நெற்றியைப் பாயில் வைத்ததும் இறங்கி ஓடினான். முதுகில் ஏறினான். கன்னத்தை அவர் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே படுத்தான். அவன் தானாக இறங்கும் வரைக்கும் மதினி தலையைத் தூக்கவில்லை.